ஏல எண் 214

குடை வைக்கும் இரும்புச் சாடிக்குள்
கிழிந்த குடை இரண்டோடு மூன்று தடிகள்.
லட்லோவில், கார்வ் தெரு முடிவில்,
பெடோஸ் வீட்டைக் காலிசெய்தபோது
சாடியோடு சேர்த்தே தூக்கிவந்தோம்.

சாடிதான் விலைபோகும் என்றார் கிட்டின்ஸ்.
பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
தடிகளை இன்னொரு முறை பார்த்துவிட்டு
சாடிக்குத் தனி எண் போடச் சொன்னார்.

ஏலப் பட்டியல் எழுதுவது என் வேலை.
அளவுகோலால் ஊன்றுகோலை அளந்து
எழுதுகோலால் எழுதுகிறவன்.
இந்த வேடிக்கையை இங்கே யாரிடம் சொல்வது,
இவர்கள் மொழியில் மூன்றுக்கும் மூன்று வேர்.

முதல் தடி எழுபத்தோரு சென்டிமீட்டர்.
ஒட்டுப் போடாமல் ஒரே மரத்தில் செதுக்கிய
உருண்டைத் தலை, ஒரு கைப்பிடி அளவு.
ஜூலு, அல்லது அண்டையார். நேட்டால்.
பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி.
'அல்லது' என்ற சொல்லுக்காக
நாங்கள் விலை குறைப்பதில்லை.

'நல்ல மெருகு' என்று எழுத வேண்டும்.
ஒருவன் மாடுகளுக்குப் பின்னால் நடந்த தூரம்,
அவன் உள்ளங்கை வேர்வை, கொஞ்சம் கொழுப்பு.
அதற்கு ஐம்பது பவுண்டு கூடுதல்.

இரண்டாவதன் கழுத்தில் செம்புக்கம்பிப் பின்னல்,
பாம்புத்தோல் போல நெருக்கமாக.
தந்திக் கம்பியாக இருக்கும் என்றார் கிட்டின்ஸ்,
கம்பத்தில் ஏறி வெட்டிக்கொண்டு போவார்களாம்.
விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
எந்தத் துரை எந்தத் துரைக்கு அனுப்பிய செய்தி
பாதி வழியில் இறங்கி
இந்தக் கழுத்தைச் சுற்றிக்கொண்டது?
'படை அனுப்பு'? 'வரி வரவில்லை'?

தடி எடுத்தவன் தண்டல்காரன் என்பது பழமொழி.
பெடோஸ் குடும்பத்து முன்னோர் ஒருவர்
குடிசைக்குப் பதினான்கு ஷில்லிங் வசூலித்தவர்.
அங்கே நடந்தது தலைகீழ்:
தண்டல்காரன் தடியை எடுத்துக்கொண்டான்.

மூன்றாவதுதான் தொல்லை.
அடியில் சாம்பல்நிற ரப்பர் குப்பி,
முழங்கால் போனவர்கள் மருந்துக்கடையில்
இரண்டு பவுண்டுக்கு வாங்கி மாட்டுவது.
தலையில் ஓரிடத்தில் வெள்ளைப் பெயின்ட்,
பரண் கதவை இடித்துத் திறந்த தடம்.
மகள் மெரியல் தொலைபேசியில் சொன்னாள்:
அம்மா கடைசி இரண்டு பனிக்காலமும்
அதை ஊன்றித்தான் தபால் நிலையம் போனாள்.
ஆஸ்பத்திரி கொடுத்த அலுமினியத் தடி
கைக்குச் சில்லென்று இருக்கிறதாம்.

ரப்பரைக் கழற்று என்றார் கிட்டின்ஸ்,
அது இருந்தால் பாதி விலை.

வெந்நீர்த் துணியைச் சுற்றிவைத்து
பத்து நிமிடம் காத்திருந்து
முறுக்கி இழுத்தேன்.
பல் பிடுங்கிய சத்தத்தோடு வந்தது.
உள்ளே மரத்தின் நுனி
இடப்பக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருந்தது.
ரப்பருக்குள் இருக்கும் மரம் தேய வழியில்லை.
இது அவளுக்கு முந்தைய தேய்மானம்.
அடிக்கிற தடிக்குத் தலை தேயும்.
அடி தேய்ந்தால் அது நடந்த தடி.
யாரோ ஒருவனுக்கு இடது கால் சரியில்லை.
ரப்பரைக் கவிழ்த்துப் பார்த்தேன்:
அதே பக்கம் தேய்ந்திருந்தது.
அவள் காலா, அவன் சாய்வா,
எனக்குத் தெரியவில்லை.

'போர்த்தடி' என்பதை அடித்துவிட்டு
'ஊன்றுகோல், நொண்டி நடந்த இருவருடையது' என்று எழுதினேன்.
கிட்டின்ஸ் அதை அடித்தார்.
போர் என்றால் இருநூறு,
நொண்டல் என்றால் அறுபது.

வியாழக்கிழமை பாசலிலிருந்து தொலைபேசியில் ஒருவர்
மூன்றையும் நானூற்று இருபதுக்கு எடுத்தார்.
குமிழ்த்தலைகளைக் குமிழ்த்தாளில் சுற்றினேன்.
கம்பியில் நின்றுபோன செய்தியும்
இன்னொரு எல்லை தாண்டிப் போயிற்று.

ரப்பர் என் இழுப்பறையில் கிடக்கிறது, எண் இல்லாமல்.
என் மேசைக்கு ஒரு கால் குட்டை,
அதற்கு மாட்டிவிடலாம்.
இன்னும் மாட்டவில்லை.